ஆயுள் முழுக்க இலவச வாட்டர் வாஷ்

வீடு வீடாகப் போய்ப் பரிசோதனைக்கு ரத்தம் எடுப்பது அவள் வேலை. விடிந்தும் விடியாததுமாக வெறும் வயிற்றோடு காத்திருக்கும் சர்க்கரை நோயாளிகளும், படுக்கையை விட்டு எழ முடியாதவர்களும்தான் அவளுடைய வாடிக்கை. அவள் பெயரைச் சொல்லிக் கேட்டால் அந்தப் பகுதியில் எல்லோரும் விழிப்பார்கள். ஊசியம்மா என்று கேட்டால் எந்தத் தெருவிலும் வழி காட்டுவார்கள். குத்துவதே தெரியாமல் குத்துவாள் என்று பெயர். அப்படிப்பட்டவளையே ஒருவன் குத்துவது தெரியாமல் குத்தினான்.

பழைய கார் ஒருநாள் நடுரோட்டில் உட்கார்ந்துவிட்டது. மெக்கானிக் பானெட்டைத் திறந்து பார்த்துவிட்டு மூடினார்.

"இதுக்கு மேல இதுல காசு போடறது, போன உசுருக்கு ஊசி போடற மாதிரிம்மா. உங்களுக்குத் தெரியாததா?"

கார் இல்லாமல் அவளுக்குப் பிழைப்பு ஓடாது. ரத்தக் குப்பிகளைக் குளிர்ச்சியாக வைக்கும் பெட்டி, ஊசிகள், பஞ்சு, எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு இருபது வீடு ஏறி இறங்க வேண்டும். அவள் கணவர் பெயிண்ட் கடையில் நிறம் கலக்குகிறவர். அதிர்ந்து பேசத் தெரியாத மனிதர். பக்கத்து மாநிலத்தில் எல்லையைத் தாண்டியதும் ஒரு ஷோரூம் இருக்கிறது, அங்கே வரி குறைவு, அதே காரை நல்ல விலைக்குத் தருகிறார்கள் என்று கடைக்கு வந்த யாரோ சொன்னதை அவர்தான் வந்து சொன்னார். இருவரும் பஸ் ஏறிப் போனார்கள்.

ஷோரூம் முதலாளிக்கு அப்போது இதய ஆபரேஷன் ஆகி வீட்டில் ஓய்வு. வியாபாரத்தை அவருடைய மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தான். வாட்ச்மேனிலிருந்து மெக்கானிக் வரை எல்லோரும் அவனை மாப்பிள்ளை என்றே கூப்பிட்டார்கள். சட்டையில் மடிப்புக் கலையாத, சிரித்த முகம்.

"வாங்கக்கா, வாங்க மாமா" என்றான். ஐந்து நிமிடத்தில் உறவு கொண்டாடிவிட்டான்.

"உங்க ஊர்ல இதே வண்டிக்கு வரியக் கேட்டா தலை சுத்தும்க்கா. நான் சொல்ற விலையில வரி சேர்த்தாச்சு. நீங்க அங்க போய் ஒரு சல்லிக்காசு கட்ட வேண்டியதில்ல."

"வண்டிய நாங்க எப்படி எடுத்துட்டுப் போறது?" என்று அவள் கேட்டாள்.

"நீங்க ஏன் எடுக்கணும்? உங்க வீட்டு வாசல்ல கொண்டாந்து நிறுத்தறது என் பொறுப்பு. அக்காவுக்குத் தம்பி இதுகூடச் செய்ய மாட்டேனா?"

கணவர் மெல்ல இழுத்தார். "நாளைக்கு எங்க பதிவு ஆபீஸ்ல ஏதாவது கேட்டா...?"

"எனக்கு ஒரு போன் அடிங்க மாமா. நான் பேசிக்கறேன்."

கண்ணாடி அறைக்குள் கல்லாவில் உட்கார்ந்திருந்த பெண் பில் போட்டுத் தந்தாள். முதலாளியின் ஒரே மகள், மாப்பிள்ளையின் மனைவி. கல்யாணமாகி வயிற்றில் பிள்ளையும் தங்கிவிட்ட பிறகும் அவளை எல்லோரும் பாப்பா என்றுதான் அழைத்தார்கள். அவள் தலைக்கு மேலே சுவரில் பெரிய பேனர் தொங்கியது: 'எங்களிடம் வாங்கும் வண்டிக்கு ஆயுள் முழுக்க இலவச வாட்டர் வாஷ்.'

ஒரு வாரத்தில் வரும் என்ற கார் வரவில்லை. போன் செய்தால், "லோடு ஏத்தியாச்சுக்கா, வழியில இருக்கு" என்றான். வழி நீண்டுகொண்டே போயிற்று. கடைசியில் முன்பின் தெரியாத ஒரு லாரி டிரைவர் கூப்பிட்டார்.

"உங்க கார எல்லையில யார்டுல இறக்கிட்டேன்மா. வந்து எடுத்துக்கங்க."

"வீட்டுக்குன்னுதானே பேச்சு?"

"எனக்கு எல்லை வரைக்கும்தான் வாடகை பேசினாங்க. அதுக்கு மேல எங்கிட்ட பர்மிட்டும் இல்ல."

போனார்கள். யார்டு என்பது வேலி போட்ட பொட்டல். புழுதி மூடிய கார்கள் வரிசையாக நின்றன. அவளுடைய புதுக் காரின் மீது யாரோ விரலால் 'கழுவு' என்று எழுதி வைத்திருந்தார்கள். நின்ற நாட்களுக்கு வாடகை கட்டினால்தான் விடுவேன் என்றார் காவலாளி. கட்டினாள். கண்ணாடியில் ஒட்டியிருந்த தற்காலிக நம்பர் காலாவதியாகிவிட்டது, இந்த நம்பரோடு ரோட்டில் ஓட்டக் கூடாது என்றார் சோதனைச் சாவடி அதிகாரி. மாப்பிள்ளையைக் கூப்பிட்டாள். "நாளைக்கு புது நம்பர் அனுப்பிடறேன்க்கா." அந்த நாளை வரவேயில்லை. வேறு வழியில்லாமல் இழுவை லாரி பிடித்தாள். புதுக் கார் கொக்கியில் தொங்கியபடி தெருவுக்குள் வந்தது. எதிர் பால்கனியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தவள் கேட்டாள்.

"புது வண்டின்னு சொன்னீங்க? ரிப்பேருங்களா?"

அவளுக்கு மானம் போயிற்று. ஆனால் அதுகூடப் பெரிதில்லை.

பதிவு அலுவலகத்தில் கண்ணாடியைச் சங்கிலியில் மாட்டிய அம்மாள் ஒருத்தி இருந்தாள். பில்லைப் புரட்டினாள்.

"வரி கட்டின ரசீது எங்க?"

"பில்லுலயே இருக்கே மேடம்."

"இது கடைக்காரர் போட்டது. சர்க்கார் ரசீது வேணும். அது இருந்தா அங்க கட்டினதக் கழிச்சுட்டு மிச்சத்த மட்டும் இங்க கட்டினாப் போதும். இல்லன்னா முழுசும் கட்டணும்." கணினியில் எதையோ தட்டிப் பார்த்தாள். "அங்க உங்க வண்டிக்கு ஒண்ணுமே கட்டலம்மா. வெளிமாநிலத்துக்குப் போற வண்டி, இங்க வரி கிடையாதுன்னு காட்டியிருக்காங்க."

"அப்ப வரின்னு சொல்லி எங்கிட்ட வாங்கினது?"

அந்த அம்மாள் முதன்முறையாக நிமிர்ந்து பார்த்தாள். "அத எங்கிட்டக் கேட்டா?"

முழு வரியும் கட்டினாள். வாங்கிய நாளிலிருந்து கணக்குப் போட்டுத் தாமதத்துக்கு அபராதமும் கட்டினாள். அலுவலகப் படியில் நின்றபடியே மாப்பிள்ளையை அழைத்தாள். எடுத்தவன் பொறுமையாகக் கேட்டான்.

"பில்ல நல்லாப் பாருங்கக்கா. 'வரியும் இதர கட்டணமும்'னு இருக்கா? அதுல இதரதான் ஜாஸ்தி." சொல்லிவிட்டு அவனே சிரித்தான்.

"ஒரு சல்லிக்காசு கட்ட வேண்டாம்னு நீதானேப்பா சொன்ன?"

"வாய் வார்த்தைய எல்லாம் பிடிச்சுட்டுத் தொங்கினா வியாபாரம் பண்ண முடியுமாக்கா? படிச்சவங்க, பார்த்துக் கையெழுத்துப் போட்டிருக்கணும்."

பணம் போனது வலித்தது. ஆனால் ராத்திரி புரண்டு படுக்கும்போதெல்லாம் காதில் விழுந்தது அந்தச் சிரிப்புதான்.

கார் இல்லாமல் அவள் அலைந்த நாட்களில், அவள் வேலை பார்த்த லேப் சும்மா இருக்கவில்லை. அவள் தினமும் காலையில் போய்வரும் வழியை வேறொருத்திக்குக் கொடுத்துவிட்டது. எந்த வீட்டில் நாய் கடிக்கும், எந்தப் பெரியவருக்கு இடது கையில்தான் நரம்பு கிடைக்கும், யார் ஊசியைப் பார்த்தால் மயங்கி விழுவார் என்று வருஷக்கணக்கில் பழகிய வீடுகள். இப்போது ஊரின் மறுகோடியில், யாரும் விரும்பாத வழி ஒன்று அவளுக்கு விழுந்தது. பழைய வாடிக்கை ஒருவர் போன் செய்து, "புதுசா வந்த பொண்ணு என் கைய சல்லடை ஆக்கிட்டாம்மா" என்று அழாத குறையாகச் சொன்னார். அவள் போனை வைத்துவிட்டு மறுகோடிக்குக் காரை எடுத்தாள்.

நுகர்வோர் அலுவலகத்துக்குப் போனாள். விற்றவர் அந்த மாநிலம், அங்கே போய்க் கேளுங்கள் என்றார்கள். அங்கே போனாள். வாங்கியவர் அந்த மாநிலம், அங்கே போய்க் கேளுங்கள் என்றார்கள்.

"போனது போகட்டும் விடு" என்றார் கணவர். "கண்ணத் தொறந்துவிட்டதுக்கு ஃபீஸ் குடுத்தோம்னு நினைச்சுக்க."

"என் கண்ணு தொறந்துதான் இருந்துச்சு. ஃபீஸ் தரேன்னு நான் சொல்லல."

"என்ன பண்ணப்போற?"

"வண்டி அழுக்கா இருக்கு. கழுவிட்டு வரேன்."

அடுத்த சனிக்கிழமை அவள் காரை எடுத்துக்கொண்டு எல்லையைத் தாண்டினாள்.

சனிக்கிழமைதான் அந்த ஷோரூமில் வெளிமாநிலத்துக் கூட்டம். வாசலில் சாவியைக் கொடுத்து, "வாட்டர் வாஷ்" என்றாள். உள்ளே போய் வாடிக்கையாளர் சோபாவில் உட்கார்ந்தாள். இலவசக் காப்பி மெஷினில் ஒரு காப்பி பிடித்துக்கொண்டாள். பக்கத்தில் தூங்கும் குழந்தையைத் தோளில் போட்டபடி ஓர் இளம் தம்பதி.

"எந்தப் பக்கத்துலேருந்து வரீங்க?" என்று விசாரித்தாள். அவளுடைய மாநிலம்தான்.

"நானும் அங்கதான். வரிய சேர்த்தேதான் விலை சொன்னாங்களா? ரொம்ப நல்லது. கட்டினதுக்கு சர்க்கார் ரசீத மட்டும் கையில வாங்கிக்கங்க. அது இல்லாம நான் ரெண்டு தடவ கட்டினேன்."

அவ்வளவுதான் சொன்னாள். குரலை உயர்த்தவில்லை, ஒரு வார்த்தை கூட்டிச் சொல்லவில்லை, யாரையும் திட்டவில்லை. அந்தப் பெண் எழுந்துபோய் மாப்பிள்ளையிடம் ரசீதைப் பற்றிக் கேட்டாள். அவன் வாய் போன போக்கில் ஏதோ சொன்னான். "வீட்டுல கலந்துக்கிட்டு வரோம்" என்று அவர்கள் கிளம்பிவிட்டார்கள். அவர்கள் போனதும் மாப்பிள்ளை சோபாவைத் திரும்பிப் பார்த்தான். அவள் காப்பிக் கோப்பையை உயர்த்திச் சிரித்தாள்.

திரும்பி வரும் வழியெல்லாம் அவளுக்கு நாக்கில் தேன் தடவியது போல இருந்தது.

அடுத்த சனிக்கிழமையும் போனாள். அதற்கடுத்த சனிக்கிழமையும்.

"என்னக்கா, இவ்வளவு தூரம் வரீங்க? பெட்ரோல் செலவுக்கே உங்க ஊர்ல நாலு வண்டி கழுவலாமே" என்றான் மாப்பிள்ளை.

"ஓசியில கிடைக்கறத விடலாமா தம்பி?"

காப்பி மெஷினில் 'பழுது' என்று அட்டை தொங்கியது. அவள் பிளாஸ்க் கொண்டுவந்தாள். சோபாவை எடுத்துவிட்டார்கள். மடக்கு நாற்காலி கொண்டுவந்தாள். பக்கத்தில் நிற்க நேர்ந்தவர்களுக்கு பிளாஸ்கிலிருந்து காப்பி ஊற்றிக் கொடுத்தாள். முன்பதிவு இல்லாமல் வாஷ் கிடையாது என்று விதி போட்டார்கள். அவள் போன் செய்து வருஷக் கடைசி வரை எல்லாச் சனிக்கிழமைக்கும் பதிவு செய்தாள். சீக்கிரம் கழுவித் தள்ளினால், "வலது பக்கச் சக்கரத்துல சேறு போகலையே, இன்னொரு தடவ பாருங்களேன்" என்பாள். ஒருநாள் மாப்பிள்ளைக்குப் பொறுமை போய்விட்டது.

"இலவசம்னா ஒரு அளவு இல்லையா?"

அவள் பேனரைக் காட்டினாள். "ஆயுள் முழுக்கன்னு போட்டிருக்கு. என் ஆயுசு கெட்டி தம்பி. எங்க வீட்டுல யாரும் தொண்ணூறுக்கு முன்னால போனதில்ல."

வாஷ் பிரிவில் இருந்தவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார்கள். அவன் முகம் சுண்டிப்போனது. அந்த முகத்தை அவள் அடுத்த சனிக்கிழமை வரை நினைத்து நினைத்து ரசித்தாள்.

அந்த இடத்தில் அவளோடு அன்பாகப் பேசியது பாப்பா ஒருத்திதான். காப்பி மெஷின் நின்ற அன்று தன் சொந்தக் கோப்பையில் காப்பி கொண்டுவந்து கொடுத்தாள். வயிறு இப்போது நன்றாகத் தெரிந்தது. ஒருநாள் அவள் புடவைத் தலைப்பு விலகியபோது முழங்கை மடிப்பில் கன்றிப்போன திட்டுகள் தெரிந்தன.

"என்னம்மா இது?"

"டெஸ்டுக்கு ரத்தம் எடுக்கறேன்னு இங்க குத்தித் தள்ளறாங்கக்கா. நரம்பே கிடைக்கலையாம்."

ஊசியம்மா அந்தக் கையைப் பிடித்துப் பார்த்தாள். "போறதுக்கு முன்னால நிறைய தண்ணி குடி. கைய கொஞ்ச நேரம் தொங்கவிட்டுக்க. இங்க வேண்டாம், இந்தப் பக்கம் எடுக்கச் சொல்லு."

அடுத்த வாரம் பாப்பா ஒரே குத்தில் வேலை முடிந்தது என்று சிறுபிள்ளை போலச் சிரித்தாள். அதன் பிறகு கூட்டம் குறைந்த நேரத்தில் கண்ணாடி அறையை விட்டு வந்து பக்கத்தில் நின்றுகொள்வாள். வயிற்றில் பிள்ளை உதைப்பதை, தூக்கம் வராததை, அம்மா இல்லாமல் வளர்ந்ததை எல்லாம் சொல்வாள். ஒருநாள் மெல்லக் கேட்டாள்.

"நீங்க நிஜமா எதுக்குக்கா வாரா வாரம் வரீங்க?"

"வண்டி கழுவத்தான்."

பாப்பா தரையைப் பார்த்தாள். "சில பில்லுல வரின்னு போடும்போது எனக்கு மனசு ஒப்பாதுக்கா. அப்பாகிட்ட சொல்லலாம்னு வாய் வரைக்கும் வரும். ஆபரேஷன் ஆன மனுஷன், ஏதாவது ஆயிட்டா என்ன பண்றதுன்னு முழுங்கிடுவேன்."

ஊசியம்மா ஒன்றும் கேட்கவில்லை. கேட்க வேண்டிய அவசியமும் இல்லை. நரம்பு எங்கே ஓடுகிறது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

சனிக்கிழமை வியாபாரம் படுத்துவிட்டது என்று கேள்விப்பட்டு முதலாளி எழுந்து வந்தார். தளர்ந்திருந்தாலும் மிடுக்குக் குறையாதவர். அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டு உட்கார வைத்தார்.

"கணக்குல ஏதோ தப்பு நடந்திருக்குன்னு மாப்பிள்ளை சொன்னார். தப்பு யாருக்கும் வரும். நீங்க ரெண்டாவது தடவ கட்டினது, அபராதம், இழுவை வாடகை, எல்லாத்தையும் நான் தந்துடறேன். இன்னிக்கே செக் எழுதறேன். அதோட முடிச்சுக்கலாம்."

அவள் எதிர்பார்க்கவில்லை. கண்ணாடிக்கு அப்பால் மாப்பிள்ளை கைகளைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தான். பணத்தை வாங்கிக்கொண்டு போய்விடுவாள் என்கிற தெளிவு அவன் முகத்தில் தெரிந்தது. இவ்வளவுதானே நீ என்கிற சிரிப்பு.

"பணம் வேண்டாங்க" என்றாள்.

"பின்னே?"

"தப்பு நடந்துடுச்சுன்னு சொல்லக் கூடாது. ஏமாத்தினேன்னு சொல்லணும். அவர் வாயால, கடையில இருக்கற எல்லாருக்கும் கேக்கற மாதிரி."

முதலாளியின் முகம் இறுகியது. "அவர் என் வீட்டு மாப்பிள்ளைம்மா."

"அப்ப அடுத்த சனிக்கிழமை வரேன்."

வீட்டில் இதைச் சொன்னபோது, கல்யாணமான நாளிலிருந்து முதன்முறையாகக் கணவர் குரலை உயர்த்தினார்.

"வந்த செக்க வேண்டாம்னுட்டு வந்தியா? அதுல என் சம்பளமும் இருக்கு. என்னைக் கேக்கணும்னு தோணலையா உனக்கு?"

"அவன் சிரிச்சாங்க."

"சிரிச்சா சிரிச்சுட்டுப் போறான்! சிரிப்பக் கொண்டுபோய் பேங்க்ல போடுவானா? நமக்கு வர வேண்டியது வருதில்ல?"

"எனக்கு வர வேண்டியது இன்னும் வரல."

அவர் சாப்பிடாமல் எழுந்து போனார். அந்த வாரம் முழுக்க இருவருக்கும் தேவைக்கு மேல் ஒரு பேச்சு இல்லை. அவளுக்கும் உள்ளே உறுத்தியது. ஆனாலும் சனிக்கிழமை காலையில் பிளாஸ்க்கில் காப்பியை ஊற்றி மூடினாள்.

அன்று ஏதோ சலுகை விற்பனை. ஷோரூம் நிறைந்திருந்தது. அவள் நாற்காலியை விரித்து உட்காருவதற்குள் முதலாளியே நடுக்கூடத்துக்கு வந்துவிட்டார். கையைத் தட்டி எல்லோரையும் தன் பக்கம் திரும்ப வைத்தார்.

"இந்தம்மா வாரா வாரம் வந்து உக்காந்து என் கடையப் பத்திப் பேசறாங்க. நான் பணம் தரேன்னேன், வேண்டாம்னுட்டாங்க. ஏன்? இவங்களுக்கு வேண்டியது நியாயம் இல்ல, என் பேரக் கெடுக்கணும். எல்லாரும் கேட்டுக்கங்க. உங்ககிட்ட வரின்னு வாங்கற ஒவ்வொரு காசும் சர்க்காருக்குப் போகுது. பில்லுப் போடறது வேற யாரும் இல்ல, என் மக. அவ பொய் சொல்லி நான் பார்த்ததில்ல."

அவர் அதை நம்பித்தான் சொன்னார். அது அவர் குரலிலேயே தெரிந்தது. கூட்டம் அவளைத் திரும்பிப் பார்த்தது. சில பேர் முகத்தில் வெறுப்பு. மாப்பிள்ளை தூணில் சாய்ந்து நின்றான். அதே சிரிப்பு.

அவள் எழுந்தாள். முதலாளியிடம் பேசவில்லை. மாப்பிள்ளையிடமும் பேசவில்லை. கண்ணாடி அறையின் பக்கம் திரும்பினாள்.

"பாப்பா, நீயே சொல்லும்மா. என் வண்டிக்கு வரின்னு வாங்கினீங்களே, அதக் கட்டினீங்களா?"

பாப்பா வெளியே வந்தாள். ஒரு கை வயிற்றின் மேல் இருந்தது. மாப்பிள்ளை சிரிப்பை விட்டுவிட்டுத் தலையை லேசாக ஆட்டினான், வேண்டாம் என்பது போல. பாப்பா அவனைப் பார்க்கவில்லை, அப்பாவையும் பார்க்கவில்லை. ஊசியம்மாவையே பார்த்தாள். அந்தப் பார்வையில் கெஞ்சல் இருந்தது. ஊசியம்மா கண்ணை எடுக்கவில்லை.

"சொல்லு பாப்பா" என்றார் முதலாளி, பெருமையோடு.

"இல்லப்பா. கட்டல." "வெளிமாநிலத்து வண்டி எதுக்குமே கட்டலப்பா. அந்தப் பணத்தத் தனியா எடுத்து வெக்கச் சொன்னார்."

கூடத்தில் எல்லோரும் ஒரே நேரத்தில் கத்தத் தொடங்கினார்கள். அட்வான்ஸ் கொடுத்தவர்கள் திருப்பிக் கேட்டார்கள். ஒருவர் மாப்பிள்ளையின் சட்டையைப் பிடித்தார். முதலாளி பக்கத்திலிருந்த மடக்கு நாற்காலியில், அவளுடைய நாற்காலியில், தொப்பென்று உட்கார்ந்தார். கூச்சல் சற்று அடங்கியதும் மாப்பிள்ளையைக் கையசைத்துக் கூப்பிட்டார்.

"அந்தம்மா என்ன சொல்லச் சொன்னாங்களோ, அதச் சொல்லுங்க."

"மாமா, உள்ள போய்ப் பேசலாம்..."

"சொல்லுங்க."

"ஏமாத்தினேன்" என்றான் அவன், தரையைப் பார்த்தபடி.

"கேக்கல" என்றாள் ஊசியம்மா.

"ஏமாத்தினேன்!"

அந்த வார்த்தை கூடத்தின் கடைசி மூலை வரை போனது. அவளுக்கு உடம்பெல்லாம் குளிர்ந்தது. எத்தனை ராத்திரிகளாக அந்தச் சிரிப்பு காதில் கேட்டதோ, அத்தனைக்கும் சேர்த்து இந்த ஒரு வார்த்தை. கார் சாவியை வாங்கிக்கொண்டு கிளம்பும்போது கண்ணாடி அறையை ஒருதரம் பார்த்தாள். பாப்பா மேஜையில் தலை கவிழ்ந்திருந்தாள். போய் ஒரு வார்த்தை பேசலாமா என்று நினைத்தாள். கூட்டம் நெருக்கியது. வந்துவிட்டாள்.

முதலாளி சொன்ன சொல் தவறவில்லை. ஏமாந்தவர்களுக்கெல்லாம் திருப்பிக் கொடுக்கத் தொடங்கினார். அவளுடைய பணமும் வந்தது. இந்த முறை வேண்டாம் என்று சொல்லவில்லை, வாங்கிக் கணவர் கையில் கொடுத்தாள். அவர் வாங்கி வைத்துக்கொண்டு, "எப்படியோ வந்துது" என்றார். அன்றைக்கு இருவரும் சேர்ந்து சாப்பிட்டார்கள். லேப்பிலும் பழைய வாடிக்கைகள் நச்சரித்ததில் அவளுடைய காலை வழியில் பாதி திரும்பக் கிடைத்தது.

மாப்பிள்ளையை முதலாளி கடையை விட்டும் வீட்டை விட்டும் அனுப்பிவிட்டார் என்று கேள்விப்பட்டாள். கேட்டபோது இனித்தது. இரண்டு பேரிடம் தானாகவே போய்ச் சொன்னாள்.

சில மாதங்கள் போயின. ஒரு காலை, ஒரு வீட்டில் வேலையை முடித்துவிட்டு அடுத்த வீட்டுக்குக் காரை எடுக்கும்போது போன் வந்தது. தெரியாத எண். பின்னால் கைக்குழந்தை அழும் சத்தம்.

"நான்தான்" என்றது குரல். "பாப்பா."

"பாப்பா! எப்படிம்மா இருக்க? குழந்த...?"

"பொண்ணு." குரலில் ஒட்டுதல் இல்லை. "வேற ஊர்ல இருக்கோம். ஒரு ரூம். இவருக்கு வேலை கிடைக்கல. தினமும் எனக்குத்தான் பேச்சு விழுது. கட்டின புருஷன நடுச்சபையில நிறுத்திட்டேனாம். அப்பாவும் பேசறதில்ல. எங்கிட்ட தனியா சொல்லாம ஊருக்கு முன்னால சொன்னியேன்னு கேக்கறார்."

"பாப்பா..."

"இருங்க, நான் பேசிடறேன். இவர் பண்ணினது தப்பு. இவருக்கு நடந்தது நடக்க வேண்டியதுதான். நானும் பில்லுப் போட்டேன், அதுவும் தப்புதான். ஆனா நீங்க என்கிட்ட தனியா கேட்டிருக்கலாமே? கேட்டிருந்தா அப்பாகிட்ட நானே போய்ச் சொல்லியிருப்பேன். நான் சொல்ல முடியாமத் தவிக்கறேன்னு உங்களுக்குத் தெரியும். தெரிஞ்சுதானே அத்தனை பேருக்கு முன்னால என்னைக் கூப்பிட்டீங்க?"

அவளுக்குப் பொய் சொல்ல வரவில்லை. "ஆமா" என்றாள். "தெரிஞ்சுதான் கேட்டேன்."

அந்தப் பக்கம் குழந்தை அழுதுகொண்டே இருந்தது.

"சரி. அதத்தான் தெரிஞ்சுக்கணும்னு நினைச்சேன்" என்று பாப்பா போனை வைத்துவிட்டாள்.

அன்று மீதி வீடுகளை முடித்துவிட்டுப் பெயிண்ட் கடைக்கே நேராகப் போனாள். கணவர் ஏதோ ஒரு பச்சையைக் கலக்கிக்கொண்டிருந்தார். ஓரமாக உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். பாப்பா முன்னமே வாய்விட்டுச் சொன்னதை, அதைத் தான் அன்று பிடித்துக்கொண்டதை, அவருக்கு இதுவரை சொல்லாததையும் சேர்த்துச் சொன்னாள். அவர் கலக்குவதை நிறுத்தவில்லை.

"திரும்ப அப்படி ஒரு நாள் வந்தா என்ன பண்ணுவ?"

அவள் யோசித்தாள். "அவன விட மாட்டேன். இன்னிக்கும் விட மாட்டேன். நினைச்சா இன்னும் நல்லாத்தான் இருக்கு."

"அந்தப் பொண்ணு?"

அவள் எழுந்தாள். கடையை விட்டு வெளியே வந்து, காலையில் வந்த எண்ணுக்குப் போன் போட்டாள். மணி அடித்து ஓய்ந்தது. மறுநாளும் போட்டாள். அதற்கு மறுநாள் அந்த எண் உபயோகத்தில் இல்லை என்றது. குழந்தைக்கு என்று வாங்கிய இரண்டு சட்டைகள் அலமாரியில் கொஞ்ச காலம் இருந்தன. அவற்றை எந்த ஊருக்கு அனுப்புவது என்று ஷோரூமுக்குப் போய்க் கேட்கலாம்தான். அந்த எல்லையை மறுபடி தாண்ட அவளுக்குக் கால் வரவில்லை. எதிர் பால்கனிக்காரியின் மகளுக்குப் பெண் குழந்தை பிறந்தபோது, எடுத்து அதற்குக் கொடுத்துவிட்டாள்.